புயல் நேரத்தில் குழுவோடு தொடர்பு விட்டுப்போனால்: அறிகுறியை வைத்துக் கோளாறைப் பிடிப்பது

வெளியே காற்று ஊளையிடுகிறது, ஆட்கள் நாலு திசையில் நிற்கிறார்கள், கையில் போன் இருக்கிறது, யாரையும் பிடிக்க முடியவில்லை. அந்த நேரத்தில் எடுத்துப் பார்க்கத்தான் இதை எழுதுகிறேன். அதனால் வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை, உங்களுக்கு என்ன கோளாறு தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடுங்கள். வானம் தெளிவாக இருக்கும்போதே படிக்கிறீர்கள் என்றால் இன்னும் நல்லது, ஏனென்றால் கீழே சொல்வதில் பாதி வேலையை மழை தொடங்கிய பிறகு செய்ய முடியாது.

அதற்கு முன் ஒரு கேள்வி. பேசி வைத்த நேரத்தில் எந்தத் தகவலும் வரவில்லை என்றால் உங்கள் குழுவில் ஒவ்வொருவரும் என்ன செய்வார்கள்? போய்க் கேட்டுப் பாருங்கள். ஒருவர் "தேடிக்கொண்டு போவேன்" என்பார், இன்னொருவர் "இருந்த இடத்தைவிட்டு அசைய மாட்டேன்" என்பார், மூன்றாமவர் "எல்லாரும் கிளம்பியிருப்பார்கள் என்று நானும் கிளம்பிவிடுவேன்" என்பார். அப்படியானால் உங்கள் முதல் கோளாறு டவரில் இல்லை. பல மழைக்காலங்களில் ஆட்களை அனுப்பி வைத்து போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், கருவி பழுதானதால் வந்த குழப்பத்தைவிட, மௌனத்துக்கு ஆளுக்கொரு அர்த்தம் வைத்துக்கொண்டதால் வந்த குழப்பம்தான் அதிகம். கீழே எந்தக் கோளாறைச் சரி செய்யும்போதும் இது மனதில் இருக்கட்டும்.

டவர் ஃபுல்லாக இருக்கிறது, ஆனால் கால் போகவில்லை

திரையில் தெரிகிற கட்டங்கள் டவரின் சத்தம் உங்கள் போனுக்கு எவ்வளவு நன்றாகக் கேட்கிறது என்பதை மட்டும்தான் சொல்லும். அந்த டவரில் உங்களுக்கு இடம் இருக்கிறதா என்பதை அவை சொல்லாது. புயல் எச்சரிக்கை வந்த பத்தாவது நிமிடத்தில் ஊரில் இருக்கிற அத்தனை பேரும் வீட்டுக்குப் போன் போடுகிறார்கள், பக்கத்து டவர் ஒன்று மின்சாரம் போய் அணைந்தால் அதன் கூட்டமும் இங்கேதான் வந்து விழுகிறது.

முதலில் திரும்பத் திரும்ப ரீடயல் அடிப்பதை நிறுத்துங்கள். நீங்கள் அடிக்கிற ஒவ்வொரு அழைப்பும் அதே வரிசையில் இன்னொரு ஆளாகப் போய் நிற்கிறது. எஸ்.எம்.எஸ். அனுப்புங்கள். அழைப்புக்குத் தேவைப்படுகிற தொடர்ச்சியான பாதை அதற்கு வேண்டியதில்லை, சின்னதாக ஒரு இடைவெளி கிடைத்தாலும் நுழைந்துவிடும், எதிர்ப்பக்கம் போன் கிடைக்காவிட்டால் நிறுவனத்தின் கணினியில் காத்திருந்து மறுபடி மறுபடி முயலும்.

இங்கே நம்மைப் போலத் தமிழில் தட்டுகிறவர்களுக்கு ஒரு சங்கடம். ஆங்கில எழுத்தில் அடித்தால் ஒரு எஸ்.எம்.எஸ். 160 எழுத்து கொள்ளும், தமிழ் எழுத்தில் அடித்தால் 70தான். அதுவும் நாம் எண்ணுகிற மாதிரி அது எண்ணாது. "கொண்டு" நமக்கு மூன்று எழுத்து, எஸ்.எம்.எஸ்.ஸுக்கு அது ஆறு: க, அதற்கான கொம்பும் காலும், ண, புள்ளி, ட, உகரக் குறி. ஆக, நாலைந்து சொல் நீளமாகப் போனதுமே செய்தி இரண்டு துண்டாகிவிடும், துண்டுக்கு 67 வீதம். நெரிசலில் ஒரு துண்டு மாட்டிக்கொண்டால் முழுச் செய்தியும் வந்து சேராது. புயல் நேரத்தில் மட்டும் மொழிப்பற்றைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு ஆங்கில எழுத்திலேயே தமிழைத் தட்டுங்கள். ஸ்மைலி போடாதீர்கள், ஒரே ஒரு ஸ்மைலி சேர்ந்தால்கூட முழுச் செய்தியும் 70 கணக்குக்கு விழுந்துவிடும்.

அப்புறம், உள்ளே இருக்கிற ஆளைப் பிடிக்க முடியாதபோது வெளியே இருக்கிற ஆளைப் பிடியுங்கள். புயல் தொடாத வேறு பகுதியில் இருக்கிற ஒருவரைக் குழுவின் பொதுத் தகவலாளராக வைத்துக்கொள்வது பழைய பழக்கம், இன்றும் வேலை செய்கிறது. நெரிசல் பெரும்பாலும் புயல் அடிக்கிற இடத்தின் டவர்களில்தான். நீங்களும் உள்ளே இருக்கிற ஆளும் ஒரே நேரத்தில் ஒரே நெரிசலான டவரில் தொங்கினால் இரண்டு பக்கமும் இடம் கிடைக்க வேண்டும், வெளியூர் ஆளுக்கு என்றால் உங்கள் பக்கம் மட்டும் கிடைத்தால் போதும். அவருடைய எண் எல்லாருடைய போனிலும் இருக்க வேண்டும், ஒரு தாளிலும் எழுதிச் சட்டைப் பையில் இருக்க வேண்டும். போன் செத்துப்போய் அடுத்தவர் போனை வாங்கி அடிக்கும்போதுதான் நமக்கு ஒரு எண்கூட மனப்பாடமாகத் தெரியாது என்பது தெரியவரும்.

"நோ சர்வீஸ்" என்று வருகிறது

டவர் செத்திருக்கிறது, அல்லது டவருக்குப் போகிற கேபிள் அறுந்திருக்கிறது. டவரின் அடியில் பேட்டரி இருக்கும், சில இடங்களில் ஜெனரேட்டரும் இருக்கும். பேட்டரி சில மணி நேரம்தான் தாங்கும், ஜெனரேட்டருக்கு டீசல் கொண்டுபோக வேண்டிய சாலை தண்ணீரில் கிடக்கும். அதனால்தான் புயல் அடிக்கும்போது நன்றாக இருந்த சிக்னல், அடித்து ஓய்ந்த பிறகு ஒவ்வொன்றாக அணைகிறது. 2017 செப்டம்பரில் மரியா சூறாவளி பியூர்ட்டோ ரிக்கோவைத் தாக்கியபோது அங்கிருந்த டவர்களில் சுமார் 95 சதவீதம் மறுநாள் வேலை செய்யவில்லை. அந்த அளவுக்குப் போனால் போனைத் தட்டி ஒன்றும் ஆகாது, வாக்கி டாக்கி பகுதிக்குப் போய்விடுங்கள்.

அந்த அளவுக்குப் போகவில்லை என்றால் இவற்றைச் செய்து பாருங்கள். ஃபிளைட் மோடை ஒரு பத்து விநாடி போட்டு எடுங்கள், போன் சில நேரம் செத்த டவரையே நம்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். இரண்டாவது சிம் வேறு நிறுவனமாக இருந்தால் அதற்கு மாறுங்கள் (குழு முழுக்க ஒரே நிறுவனத்தின் சிம் வைத்திருப்பது எவ்வளவு பெரிய தப்பு என்பது இந்த இடத்தில் உறைக்கும்). நெட்வொர்க் அமைப்பில் 4ஜியிலிருந்து கீழே இறக்கிப் பாருங்கள், சில இடங்களில் பழைய 2ஜி மட்டும் உயிரோடு இருக்கும். ஆனால் சில நிறுவனங்களுக்கு 4ஜிக்குக் கீழே ஒன்றும் கிடையாது, பல நாடுகளில் 3ஜியையும் 2ஜியையும் மூடியே விட்டார்கள், அங்கெல்லாம் இது பலிக்காது.

"எமர்ஜென்சி கால்ஸ் ஒன்லி" என்று வந்தால் அது நல்ல சேதி மாதிரிதான். உங்கள் நிறுவனத்தின் டவர் போய்விட்டது, வேறு யாருடைய டவரோ பக்கத்தில் உயிரோடு இருக்கிறது, அவசர எண்ணுக்கு மட்டும் அது வழிவிடும். பல நாடுகளில் 112 அந்த எண். குழுவில் பேச முடியாவிட்டாலும் உயிருக்கு ஆபத்து என்றால் அந்த வழி திறந்திருக்கிறது.

கட்டடத்துக்குள் இருந்தால் மேல் மாடி ஜன்னலுக்குப் போய்ப் பாருங்கள், மொட்டை மாடிக்கு வேண்டாம். மின்னல் வெட்டி 30 விநாடிக்குள் இடி கேட்டால் அது பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது என்று கணக்கு, சிக்னல் தேடி வெட்டவெளியில் நிற்கிற நேரம் இல்லை அது. கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழியட்டும். மின்னல் நேரத்தில் கைபேசியில் பேசினால் மின்னல் இழுக்கும் என்பது கட்டுக்கதை, வீட்டுக்குள் இருந்து பேசலாம். ஒயர் போட்ட பழைய லேண்ட்லைன்தான் ஆபத்து, வெளியே கம்பத்தில் பாய்வது அந்த ஒயர் வழியாகவே உள்ளே வரலாம்.

டவர் இல்லை, ஆனால் ஆபீசில் ஃபைபர் இணைப்பு இருக்கிறது

இது நிறையப் பேர் கோட்டைவிடுகிற வழி. மின்சாரம் போனதும் வைஃபை போகிறது, உடனே "நெட் போச்சு" என்று முடிவு கட்டிவிடுகிறோம். ஃபைபர் கேபிளில் ஓடுவது ஒளி. பெரும்பாலான வீட்டு இணைப்புகளில் நிறுவனத்தின் நிலையத்திலிருந்து உங்கள் சுவர் வரை நடுவில் மின்சாரம் கேட்கிற கருவி எதுவும் இருக்காது. செத்தது கேபிள் வந்து முடிகிற உங்கள் பெட்டியும் ரவுட்டரும்தான். அவை இரண்டுக்கும் சேர்த்து 12 வோல்ட் கொடுக்கிற சின்ன யு.பி.எஸ். ஒன்று இருந்தால், கேபிள் அறுபடாத வரை, தெருவே இருட்டாக இருக்கும்போது உங்களிடம் நெட் இருக்கும். போன் அமைப்பில் வைஃபை காலிங்கை இயக்கி வைத்திருந்தால் டவரே இல்லாமல் சாதாரண எண்ணுக்கே அழைக்கலாம். பல நிறுவனங்கள் இதற்குத் தனிக் காசு வாங்குவதில்லை, ஆனால் அமைப்பை முன்கூட்டியே ஒரு தடவை இயக்கிச் சோதித்திருக்க வேண்டும்.

ஒற்றை டிக்கோடு நிற்கிறது, அல்லது பழைய மெசேஜ் இப்போது வருகிறது

வாட்ஸ்அப்பில் ஒற்றை டிக் என்றால் செய்தி உங்களிடமிருந்து கிளம்பி நிறுவனத்தின் சர்வருக்குப் போய்விட்டது, அவர் போனுக்குப் போய்ச் சேரவில்லை. டிக்கே இல்லாமல் கடிகாரப் படம் தெரிந்தால் அது உங்கள் போனைவிட்டே கிளம்பவில்லை. இந்த வித்தியாசம் முக்கியம்: முதல் வகையில் கோளாறு அவர் பக்கம், இரண்டாவதில் உங்கள் பக்கம். நீங்கள் நகர வேண்டுமா, அவருக்கு வேறு வழியில் சொல்ல வேண்டுமா என்பதை இதை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

இதைவிட மோசமானது தாமதமாக வந்து சேர்கிற செய்தி. எனக்கே நடந்தது. மாலை நாலு மணிக்கு "தண்ணீர் குறைவு, அந்த வழியே வரலாம்" என்று ஒருவர் அனுப்பியிருக்கிறார். நெரிசலில் மாட்டி அது எங்களுக்கு ஆறரைக்கு வந்தது. நான் வண்டியை அனுப்பிவிட்டேன். போனவர்கள் சக்கரம் பாதி மூழ்கியதும் பின்னால் எடுத்துத் திரும்பினார்கள், அவ்வளவுதான், ஒன்றும் ஆகவில்லை. செய்தி அனுப்பியவர் மேல் எந்தத் தப்பும் இல்லை, எழுதிய நேரத்தில் அது உண்மை. அன்றிலிருந்து எங்கள் குழுவில் நேரம் போடாத செய்தியை யாரும் செய்தியாகவே எடுத்துக்கொள்வதில்லை. திரையில் தெரிகிற நேரத்தை நம்பாதீர்கள். செய்திக்குள்ளேயே முதல் சொல்லாக நேரம் இருக்கட்டும், பிறகு இடம், பிறகு நிலைமை, பிறகு அடுத்து எப்போது பேசுவேன் என்பது. "16.05, பம்ப் ஹவுஸ், மூன்று பேரும் நலம், வழி திறந்திருக்கிறது, அடுத்து 17.00." இவ்வளவு போதும்.

இன்னொன்று. குரூப்பில் படமும் வீடியோவும் ஃபார்வர்டும் வந்து கொட்டிக்கொண்டிருந்தால், குறைந்த வேகத்தில் திணறுகிற போனுக்கு முக்கியமான ஒரு வரி வந்து சேராது. தானாகப் படம் இறங்குவதை எல்லார் போனிலும் நிறுத்துங்கள். அட்மின் மட்டும் எழுதுகிற மாதிரி ஒரு குரூப் தனியாக வைத்து உத்தரவுகளை அதில் மட்டும் போடுங்கள். "சரி அண்ணா", "ஓகே சார்", கைகூப்பல், எல்லாம் மற்ற குரூப்பில். வாய்ஸ் நோட்டும் வேண்டாம், எழுத்தைவிடக் கனம் அதிகம், காற்றுச் சத்தத்தில் பாதி புரியாது, தேடி எடுக்கவும் முடியாது.

பேட்டரி மளமளவென்று இறங்குகிறது

சிக்னல் இல்லாத இடத்தில் போன் சும்மா இருப்பதில்லை, விடாமல் டவரைத் தேடுகிறது, தொலைவில் ஒன்று கிடைத்தால் முழுப் பலத்தோடு கத்துகிறது. வழக்கமாக ஒரு நாள் வருகிற சார்ஜ் சில மணி நேரத்தில் காலியாவதற்கு அதுதான் பெரும்பாலும் காரணம். வெளிச்சத்தைக் குறைப்பதெல்லாம் அப்புறம், முதலில் இந்தத் தேடலை நிறுத்த வேண்டும். ஃபிளைட் மோடில் போட்டு வைத்து, பேசி வைத்த தகவல் நேரத்துக்கு மட்டும் எடுங்கள். ஃபிளைட் மோடிலும் பெரும்பாலான போன்களில் ஜி.பி.எஸ். வேலை செய்யும், மேப்பை முன்பே இறக்கி வைத்திருந்தால் வழி பார்க்கலாம்.

பவர் பேங்க் கணக்கிலும் ஏமாறாதீர்கள். 10,000 என்று போட்டிருக்கிற பவர் பேங்க் 5,000 பேட்டரி உள்ள போனை இரண்டு தடவை நிரப்பாது. அந்த 10,000 என்பது உள்ளே இருக்கிற செல்லின் 3.7 வோல்ட் கணக்கு, அதை 5 வோல்ட்டாக ஏற்றிக் கேபிள் வழியே அனுப்பும்போது ஒரு பங்கு சூடாகப் போய்விடும். ஒன்றே கால் தடவை என்று வைத்துக்கொண்டு திட்டம் போடுங்கள்.

கடுங்குளிரில் 40 சதவீதம் காட்டிக்கொண்டிருந்த போன் சட்டென்று அணைந்தால் பயப்பட வேண்டாம், செல்லுக்குள் வேதிவினை மந்தமாகிவிட்டது, அவ்வளவுதான். உள்சட்டைப் பையில் உடம்போடு ஒட்டி வைத்துச் சூடானதும் திரும்ப எழுந்திருக்கும். உறைநிலைக்குக் கீழே இருக்கும்போது மட்டும் சார்ஜ் போடாதீர்கள், செல் நிரந்தரமாகக் கெடும். வெப்ப அலையில் நேர்மாறு: சூடேறிய போன் சார்ஜ் ஏற மறுக்கும், கடைசியில் தானே அணையும். கவரைக் கழற்றி நிழலில் வையுங்கள், ஃபிரிட்ஜில் வைத்தால் உள்ளே ஈரம் வேர்க்கும்.

காரில் சார்ஜ் போடலாம், ஆனால் மூடிய ஷெட்டுக்குள் இன்ஜினை ஓட விட்டுக்கொண்டு வேண்டாம், பனியில் புகைக்குழாய் அடைத்திருக்கும்போதும் வேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

நனைந்த கையால் தொட்டால் திரை கேட்கவில்லை

திரை உங்கள் விரலில் இருக்கிற மின்தன்மையைத்தான் உணர்கிறது, தண்ணீர்த் துளியையும் அது விரல் என்றே நினைக்கும். குடைக்குள் போய்த் துடைப்பதுதான் வழி. மூடி போட்ட ஒரு தெளிவான பிளாஸ்டிக் பைக்குள் போனை வைத்தால் பைக்கு மேலேயே தட்டலாம், பேசவும் செய்யலாம். சார்ஜ் துளை நனைந்திருந்தால் கேபிளைச் சொருகாதீர்கள், துளை கீழே பார்க்கும்படி பிடித்து மெதுவாகத் தட்டிவிட்டுக் காற்றில் காயவிடுங்கள். அரிசிக்குள் புதைத்து வைப்பதால் துளைக்குள் மாவு சேர்வதுதான் மிச்சம்.

வாக்கி டாக்கியில் விளக்கு எரிகிறது, குரல் வரவில்லை

இருவரும் ஒரே சேனலில் இருக்கிறீர்கள், ஆனால் துணைக் குறியீடு வேறு. பல கருவிகளில் அதற்கு "பிரைவசி கோட்" என்று பேர் வைத்திருப்பார்கள், அது ரகசியம் எதையும் காப்பதில்லை, குறிப்பிட்ட ஒரு மெல்லிய ஒலி சேர்ந்து வந்தால்தான் ஸ்பீக்கரைத் திறக்கும், அவ்வளவுதான். குழு முழுக்க அந்தக் குறியீட்டைப் பூஜ்யமாக வைத்துவிடுங்கள். சரியாகிவிடும்.

பக்கத்தில் கேட்கிறது, தூரத்தில் கேட்கவில்லை என்றால் மழையைத் திட்டாதீர்கள். வாக்கி டாக்கி ஓடுகிற அலைவரிசையை மழை ஒன்றும் செய்வதில்லை. நடுவில் இருக்கிற மேடும் கட்டடமும்தான் காரணம், இந்த அலை ஏறக்குறைய நேர்கோட்டில்தான் போகும். இடுப்பில் மாட்டிக்கொண்டு பேசினால் உங்கள் உடம்பே சுவராக நிற்கும். முகத்துக்கு நேரே எடுத்து, ஆன்டெனா செங்குத்தாக நிற்கும்படி பிடித்து, ஒரு மாடி ஏறிப் பேசிப் பாருங்கள். பெட்டியில் போட்டிருக்கிற கிலோமீட்டர் கணக்கு மலை உச்சியிலிருந்து மலை உச்சிக்கு. தெருவில் அதில் ஒரு சின்னப் பங்குதான் கிடைக்கும்.

ரிப்பீட்டர் (உங்கள் குரலை வாங்கி உயரத்திலிருந்து திரும்ப அனுப்புகிற நிலையம்) வழியாகப் பேசுகிற குழுவாக இருந்தால், ஒரே நேரத்தில் எல்லாருக்கும் எல்லாமே நின்றுபோனால் ரிப்பீட்டர்தான் போயிருக்கிறது. நேரடியாகக் கருவிக்குக் கருவி பேசுகிற சேனல் எது என்று எல்லாருக்கும் முன்பே தெரிந்திருந்தால் இது ஒரு நிமிடக் கோளாறு, இல்லையென்றால் ஒரு இரவுக் கோளாறு. உரிமம் விஷயம் நாட்டுக்கு நாடு வேறு, உங்கள் கருவிக்கு என்ன விதி என்பதை மழைக்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

கேட்டார், ஆனால் தப்பாகக் கேட்டார்

இதற்குத்தான் நான் அதிக இடம் கொடுப்பேன், ஏனென்றால் கருவி நன்றாக வேலை செய்யும்போதே நடக்கிற கோளாறு இது, யாருக்கும் கோளாறு என்றே தெரியாது.

நம் மொழியில் மறுப்பு வாக்கியத்தின் கடைசியில் வருகிறது. "பாலத்து வழியா வர வேண்டாம்" என்று சொல்லி முடிப்பதற்குள் வாக்கி டாக்கியின் பேசுகிற பொத்தானை விட்டுவிட்டால், அல்லது காற்று அந்தக் கடைசிச் சொல்லைத் தின்றுவிட்டால், எதிர்ப்பக்கம் கேட்பது "பாலத்து வழியா வர". மிச்சத்தை அவர் மனதே நிரப்பிக்கொள்ளும், அவசரத்தில் இருக்கிற மனது "வரலாம்" என்றுதான் நிரப்பும். அதனால் புயல் நேரத்துத் தமிழில் மறுப்பை முன்னால் தூக்கிப் போடுங்கள். "வேண்டாம், வேண்டாம். பாலம் வேண்டாம். கிழக்குச் சாலையில் வாருங்கள்." இலக்கணம் அழகாக இல்லாவிட்டால் பரவாயில்லை. இன்னும் நல்லது, மறுப்பையே தவிர்த்து என்ன செய்ய வேண்டுமோ அதை மட்டும் சொல்வது: "நில்லுங்கள்", "திரும்புங்கள்", "அங்கேயே இருங்கள்". பொத்தானை அமுக்கி ஒரு விநாடி கழித்துப் பேசத் தொடங்குங்கள், பேசி முடித்து ஒரு விநாடி கழித்து விடுங்கள். முதல் சொல்லும் கடைசிச் சொல்லும் வெட்டுப்படுவது பெரும்பாலும் இந்த அவசரத்தால்தான்.

எண்களும் அப்படித்தான். ஒன்பது, ஐம்பது, எண்பது மூன்றும் இரைச்சலில் "…பது" என்று ஒரே மாதிரி வந்து விழும். இலக்கம் இலக்கமாகப் பிரித்துச் சொல்லுங்கள், "எட்டு, பூஜ்யம்" என்று. கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும், "சரி" என்பது திருப்பிச் சொன்னதாக ஆகாது. "சரி" என்றால் கேட்டது என்று அர்த்தமா, புரிந்தது என்று அர்த்தமா, செய்கிறேன் என்று அர்த்தமா? நேரில் பேசும்போது முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறோம், கருவியில் முகம் இல்லை.

இடத்தை அனுப்பினார், போய்ப் பார்த்தால் ஆள் இல்லை

லொகேஷன் எண்களை எழுதுகிற முறை ஒன்றுக்கு மேற்பட்டது. 12.30 என்று ஒருவர் தசமத்தில் அனுப்பியதை இன்னொருவர் 12 பாகை 30 நிமிடம் என்று எடுத்துக்கொண்டால், அது தசமத்தில் 12.50. அகலாங்கில் அந்த வித்தியாசம் சுமார் 22 கிலோமீட்டர். தசமம் மட்டும்தான் என்று குழுவில் முடிவு செய்துவிடுங்கள், புள்ளிக்குப் பின் நாலு இலக்கம் போதும், அதுவே ஏறக்குறைய 11 மீட்டருக்குள் கொண்டுவந்து விட்டுவிடும். கூடவே கண்ணுக்குத் தெரிகிற அடையாளம் ஒன்றும் சொல்லுங்கள். மேப்பில் நீலப் புள்ளியைச் சுற்றிப் பெரிய வட்டம் தெரிந்தால் போனுக்கே தான் எங்கே இருக்கிறோம் என்று சரியாகத் தெரியவில்லை, திறந்த வானம் தெரிகிற இடத்தில் ஒரு நிமிடம் நின்று எடுத்து அனுப்புங்கள்.

சேட்டிலைட் இணைப்பும் விட்டுவிட்டு வருகிறது

தட்டு ஆன்டெனா வைத்த இணைப்புகள் பலவும் 10 கிகாஹெர்ட்ஸுக்கு மேலே ஓடுகின்றன, அந்த அலையைக் கனமழை உண்மையிலேயே விழுங்கும். ஒன்றும் செய்ய வேண்டாம், அந்த மேகக்கூட்டம் கடக்கும் வரை காத்திருங்கள், ஆன்டெனாவைத் திருப்பி இருக்கிறதையும் கெடுத்துக்கொள்ளாதீர்கள். கையில் பிடிக்கிற சேட்டிலைட் போன்கள் 1.6 கிகாஹெர்ட்ஸ் பக்கம் ஓடுபவை, மழை அவற்றைப் பெரிதாகத் தொடாது. அவற்றின் பிரச்சினை கூரை. வீட்டுக்குள்ளிருந்து எடுக்கவில்லை என்று புலம்புகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஆன்டெனாவை முழுக்க நீட்டி, வானம் தெரிகிற இடத்தில் நின்று பேச வேண்டும். சில நாடுகளில் முன்அனுமதி இல்லாமல் இதை வைத்திருப்பதே குற்றம் என்பதையும் கவனியுங்கள்.

எல்லாம் வேலை செய்கிறது, ஒருவரிடமிருந்து மட்டும் பதில் இல்லை

"ஸ்விட்ச் ஆஃப்" என்றும் "தொடர்பு எல்லைக்கு வெளியே" என்றும் வருகிற பதிவுக் குரலை வைத்து ஜோசியம் பார்க்காதீர்கள். டவர் செத்தாலும், போன் செத்தாலும், தண்ணீரில் விழுந்தாலும் இரண்டில் ஒன்று வரும்.

பேசி வைத்த தகவல் நேரம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. மலையேறுகிற அமெச்சூர் ரேடியோக்காரர்கள் (பொழுதுபோக்காக ரேடியோவில் பேசுகிறவர்கள்) நடுவில் ஒரு வழக்கம் உண்டு: காலை 7 மணியில் தொடங்கி மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை, ஐந்து நிமிடம் மட்டும் கருவியைத் திறந்து கேட்பது. பேட்டரியும் மிஞ்சும், யாருக்காவது உதவி வேண்டுமென்றால் எப்போது கூப்பிட வேண்டும் என்பதும் தெரியும். உங்கள் குழுவுக்கு மூன்று மணி நேரம் அதிகமாக இருக்கலாம், ஒரு மணி நேரமாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தகவல் நேரம் தவறினால் அடுத்த வழியில் முயல்வது, அதாவது எஸ்.எம்.எஸ்., வெளியூர் ஆள், ரேடியோ. இரண்டாவது தவறினால் அவர் பேசி வைத்த இடத்துக்குத் திரும்பத் தொடங்கியிருப்பார் என்று இரு பக்கமும் எடுத்துக்கொள்வது, வழியே தண்ணீரில் போயிருந்தால் இருந்த இடத்திலேயே உயரமாக ஏறி நிற்பார் என்பது. மூன்றாவது தவறினால் மீட்புக்காரர்களுக்குச் சொல்வது. எண்ணிக்கை உங்கள் விருப்பம், ஆனால் இரண்டு பக்கத்திலும் அதே எண்ணிக்கை இருக்க வேண்டும்.

தேட ஒற்றை ஆளை அனுப்பாதீர்கள், அப்புறம் தேட வேண்டியவர்கள் இரண்டு பேராகிவிடுவார்கள். யார் கடைசியாக எப்போது எங்கிருந்து பேசினார் என்பதைத் தாளில் பென்சிலால் எழுதிக்கொண்டே வாருங்கள், ஈரமானாலும் பென்சில் எழுத்து கரையாது.

ஆள் கிடைத்துவிட்டார், ஆனால் ஒருவர் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்

சிரிக்காதீர்கள், இது அடிக்கடி நடக்கிறது. காணாமல் போனவர் நேராக வீட்டுக்குப் போய்க் குளித்துச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார், அவரைத் தேடிப் போன இரண்டு பேர் இருட்டில் டார்ச் அடித்துக்கொண்டு நடப்பார்கள், "கிடைத்துவிட்டார்" என்ற செய்தி ஒற்றை டிக்கோடு நிற்கும். குரூப்பில் போட்டதால் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். அந்தப் பென்சில் தாளை எடுத்து, ஒவ்வொரு பேரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு, அவர் வாயாலேயே "நான் திரும்பிவிட்டேன்" என்று கேட்ட பிறகுதான் அந்தப் பேரை அடிக்க வேண்டும். கடைசிப் பேர் அடிபடும் வரை ஒருவர் கருவியைவிட்டு எழுந்திருக்கக் கூடாது. அது யார் என்பதையும் முன்பே பேசி வையுங்கள்.